ஓட்டுக் கணவாய் செபிடாவா செபியாய்டியாவா? புக்குக்கு புக் மாறுது

கேள்வி:
ஓட்டுக் கணவாயோட (கட்டில்ஃபிஷ்) வகைப்பாடு படிச்சிட்டு இருக்கேன். ஒரு புக்ல செபியாய்டியானு ஒரு வரிசை போட்டு அதுக்குள்ள பாப்டெயில் ஸ்குவிட், ஸ்பைருலா மாதிரி வேற கணவாய் வகை எல்லாத்தையும் சேர்த்திருக்காங்க, இன்னொண்ணுல செபிடானு வரிசை, அதுல ஓட்டுக் கணவாய் மட்டும்தான். எதை எடுத்துக்கறது? அப்புறம் நத்தை, சிப்பியோட இதை ஒரே தொகுதில ஏன் வெக்கிறாங்க, பார்த்தா ஒட்டும் இல்ல உறவும் இல்லயே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்:
ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது. நீங்க சொல்ற அந்தத் தொகுதி மெல்லுடலி, அதுக்கு வெளித் தோற்றத்த பார்க்கக் கூடாது, உடம்பு எப்படி கட்டியிருக்குன்னு பார்க்கணும். உள்ளுறுப்ப மூடுற மேன்டில், வாய்க்குள்ள ரேடுலாங்கற பல் வரிசை, அந்த மேன்டில் சுரக்கற ஓடு, மூணுமே கணவாய்க்கு இருக்கு (சிப்பிக்குத்தான் ரேடுலா கிடையாது, அது அந்தக் கிளைல காணாம போச்சு). ஓடு மட்டும் உள்ள போயிடுச்சு, அவ்ளோதான். கடல் நுரைன்னு வெள்ளையா லேசா கரை ஒதுங்குமே அதுதான் அந்த ஓடு, பெரும்பாலும் சுண்ணாம்பு, குறுக்கே வெட்டிப் பார்த்தா மெல்லிசு மெல்லிசா அடுக்கடுக்கா அறைங்க தெரியும். அந்த அறைங்கள்ல இருக்கற தண்ணியையும் வாயுவையும் கூட்டிக் குறைச்சுதான் அது நீந்தாமலே ஒரே மட்டத்துல மிதக்குது. நாட்டிலஸ் இதே வேலைய வெளி ஓட்ட வெச்சு செய்யுது, ரெண்டும் தலைக்காலி வகுப்புதான்.

அதுக்குக் கீழ கோலியாய்டியா துணை வகுப்பு, இப்ப உயிரோட இருக்கற தலைக்காலில நாட்டிலஸ் கூட்டத்த விட்டா மிச்சம் எல்லாமே இதுல வந்துடும். அப்புறம் பத்துக் கைக்காரங்க, அதாவது 8 கை, இரைய பாய்ஞ்சு பிடிக்க 2 நீளமான டென்டக்கிள். பேய்க் கணவாய் (ஆக்டோபஸ்) இங்கயே பிரிஞ்சு போயிடுது, அதுக்கு எட்டுதான்.

இன்னொரு பதில்:
மேல சொன்னது அருமை. வரிசை விஷயத்துக்கு நான் வரேன். 1758ல லின்னேயஸ் செபியாங்கற ஒரே பேரினத்துக்குள்ள ஓட்டுக் கணவாய், ஸ்குவிட், ஆக்டோபஸ் எல்லாத்தையும் போட்டுட்டார், பின்னாடி வந்தவங்கதான் ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. செபியாய்டியாவும் அந்த மாதிரி பழைய மூட்டைதான், உடம்பு அமைப்பையும் ஓட்டையும் வெச்சு கட்டினது. டிஎன்ஏ பார்க்க ஆரம்பிச்ச பிறகு அந்தக் கூட்டம் ஒண்ணா நிக்கல, அதனால பாப்டெயில் செபியோலிடாவுக்கும் ஸ்பைருலா ஸ்பைருலிடாவுக்கும் போயிடுச்சு. செபிடால மிஞ்சினது செபிடேங்கற ஒரே குடும்பம், அதுல 100க்கு மேல இனங்க. நீங்க செபிடான்னே எழுதுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, நல்லா புரிஞ்சது. ஆனா ஸ்பைருலாவுக்கும் அறை அறையா உள் ஓடு இருக்கே, அப்ப ஏன் தனியா?

முதல் பதில் சொன்னவர்:
இருக்கு, ஆனா அது சுருண்ட ஓடு, கணவாயோடது தட்டையா நீளமா இருக்கும். அறை வெச்ச ஓடு பழைய முன்னோர்கிட்டயே இருந்தது, அழிஞ்சு போன பெலம்னைட்ங்கற தலைக்காலியோட ஃபாசில்லயும் அத பார்க்கலாம், அதனால அது ரெண்டு பேர்கிட்டயும் இருக்குங்கறத மட்டும் வெச்சு நெருங்கின சொந்தம்னு சொல்லிட முடியாது. ஸ்பைருலிடால இப்ப உயிரோட இருக்கறது ஒரே ஒரு இனம்தான்.

இன்னொரு பதில்:
ஒண்ணு சேர்த்துக்கறேன், பேரினம் எழுதும்போது கவனமா இருங்க. ஓட்டுக் கணவாய்ல செபியா மாதிரியே செபியல்லான்னு இன்னொரு பேரினம் இருக்கு, அத கண்டுபிடிக்க மேன்டிலோட பின் நுனில ஒரு சுரப்பித் துளை இருக்கான்னு பாருங்க, செபியால அது கிடையாது. செபியாவே ரொம்ப பெரிய பேரினமா இருந்ததால 2023ல வந்த ஆய்வுல அத பல பேரினமா உடைச்சிட்டாங்க, பழைய புக்ல செபியா ஃபாரோனிஸ்னு இருக்கறது புது பட்டியல்ல அகாந்தோசெபியான் ஃபாரோனிஸ்னு வரும். ரெண்டும் ஒரே உயிரிதான், தேடும்போது ரெண்டு பேர்லயும் தேடுங்க.