அடிபட்ட விட்ஸ் கார்: லோவர் ஆம் வளைஞ்சால் நிமித்திறதா, பழசு போடுறதா, புதுசு வாங்கிறதா?

கோண்டாவில் ஓட்டி:
கொடிகாமத்துக்குக் கிட்ட கண்டி வீதியில மாடு குறுக்கால வந்திட்டுது. விலத்தப் போய் இடப்பக்க முன்சில்லு மதகுக் கட்டில அடிச்சுப்போட்டுது. 2010 டொயோட்டா விட்ஸ். றிம் போச்சு, லோவர் ஆமில (சில்லைக் கீழ்ப்பக்கத்தால வாகனத்தோட பிணைக்கிற இரும்புக் கை) வளைவு கண்ணுக்கே தெரியுது. ஓடேக்க இடப்பக்கம் இழுக்குது. கராஜில அந்த லோவர் ஆமை நெருப்பில காய்ச்சி நிமித்தித் தாறம் எண்டுறினம். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையளில ஜப்பான் பழைய ஆம் எடுக்கலாம் எண்டு மச்சான் சொல்லுறான். எது சரி?

சில்லுக்காரன்:
தம்பி, காய்ச்ச விடாதேங்கோ. அந்த ஆம் அழுத்தி எடுத்த உருக்குத் தகடு. நெருப்புப் பட்டால் அதின்ர பலம் குறையும். ஆமின்ர சில்லுப் பக்க நுனியில இருக்கிற உருண்டை மூட்டு, அதான் போல் ஜொயின்ற், அதின்ர கிறீசும், ஆமை வாகனத்தில பூட்டிற இடத்து புஷ் றப்பரும் அதே சூட்டில பழுதாப் போகும். பிறகு ஒரு கிடங்கில விழேக்க அந்த இடத்திலயே திரும்ப மடியும். புது ஆம் வாங்குங்கோ, ஷொக் அப்சோபர் ரெண்டு பக்கமும் மாத்துங்கோ.

மானிப்பாய்க்காறி:
காய்ச்சக்கூடாது எண்டது சரி அண்ணை. ஆனா புதுசெண்டு கடையில நீட்டுறதில பாதி மலிவு நகல். போல் ஜொயின்ற் மூடியின்ர றப்பர் கெதியா வெடிச்சு உள்ளுக்கு மண் போயிடும். ஜப்பானில இருந்து வாற பழைய ஆம் கொம்பனி இரும்பு. 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இலதான் திரும்பத் திறந்தவை. அவ்வளவு காலமும் எங்கட வாகனங்களை ஓடவைச்சது அந்தப் பழைய சாமான்தான். அடிபடாத வலப்பக்கத்தை ஏன் கழட்டவேணும்?

சில்லுக்காரன்:
பழைய சாமானுக்காக வெட்டின வாகனம் ஏன் வெட்டுப்பட்டது எண்டு ஆருக்குத் தெரியும் தங்கச்சி? அதுவும் அடிபட்டதா இருக்கலாம். றப்பரும் அந்த வாகனத்தின்ர வயசுதானே. நகலுக்குப் பயமெண்டால் போல் ஜொயின்றுக்கு 555, ஷொக்குக்கு கேவைபி எண்டு கொம்பனிப் பேர் சொல்லி, பெட்டியைப் பாத்து வாங்கலாம்.

மானிப்பாய்க்காறி:
பழைய ஆமை எங்கட வாகனத்தில பூட்டியிருக்கிற வலப்பக்க ஆமோட ஒப்பிட்டுப் பாத்தால் வளைவு தெரியும். புஷ்ஷைப் புதுசா அழுத்திப் போடலாம். போல் ஜொயின்றைக் கையால ஆட்டிப் பாத்து, இளக்கமெண்டால் திருப்பிக் குடுங்கோ. ஏழைச் சனத்துக்கு அதுதான் கட்டும்.

நல்லூர் 4கே:
ரெண்டு பேரும் ஆமிலயே நிக்கிறியள். நக்கிள், அதான் சில்லைத் தாங்கிற இரும்பு, வளைஞ்சிருந்தால் எந்த ஆம் போட்டும் இழுக்கும். முதல்ல சில்லுகளின்ர கோணம் அளக்கிற கம்பியூட்டர் எலைன்மென்ற் போய், ஒண்டும் திருத்தாமல் அளவை மட்டும் எடுங்கோ. கம்பரையும் (முன்னால நிண்டு பாக்கேக்க சில்லு சாஞ்சிருக்கிற கோணம்) ஸ்ரியறிங் அச்சுச் சாய்வையும் (சில்லு திரும்பிற அச்சு சாஞ்சிருக்கிற கோணம்) கூட்டிப் பாருங்கோ. கூட்டுத்தொகை ரெண்டு பக்கமும் ஒண்டா இருந்து, தனித்தனி அளவு மட்டும் வேறயெண்டால் பிழை ஆமில, இல்லாட்டி அது பூட்டியிருக்கிற சட்டத்தில. கூட்டுத்தொகையே வித்தியாசமெண்டால் நக்கிள் அல்லது ஷொக். விட்ஸில முன்சில்லுக்கு வழமையாத் திருத்திறது டோ, அதான் மேல இருந்து பாக்கேக்க சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பியிருக்கிற அளவு, அது ஒண்டுதான். கம்பர் கோணியிருக்கேக்க டோவைத் திருப்பி "சரியாச்சு" எண்டு அனுப்பினால் ரயரின்ர ஒரு ஓரம் வழிச்சுப்போடும்.

ஷொக்கில எண்ணெய் கசியேல்லை எண்டு விடாதேங்கோ. ஸ்பிறிங்கைக் கழட்டினாப் பிறகு தண்டைக் கையால சுத்துங்கோ. நுனி வட்டம் போட்டால் தண்டு வளைவு. ரயருக்கும் ஸ்பிறிங் தட்டுக்கும் நடுவில விரல் வைச்சு ரெண்டு பக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கோ.

சில்லுக்காரன்:
அளவு முதல் எண்டதை ஏற்கிறன். ஷொக்கில விட்டுக்குடுக்க மாட்டன். ஒரு பக்கம் புதுசு, மற்றப் பக்கம் இத்தினை வருசம் ஓடினது எண்டால் பிறேக் பிடிக்கேக்க ரெண்டும் ஒரே மாதிரி அமுங்காது.

மானிப்பாய்க்காறி:
ஷொக்குக்கு சோடி, சரி. ஆமுக்கு சோடி வேண்டாம். அதில நான் மாறமாட்டன்.

நல்லூர் 4கே:
எந்த ஆம் போட்டாலும் ஒரு விசயம். வாகனம் ஜக்கில தொங்கேக்க புஷ் போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கவிடாதேங்கோ. சில்லு நிலத்தில ஊண்டி, பாரம் இறங்கினாப் பிறகுதான் இறுக்கவேணும். இல்லாட்டி றப்பர் முறுகினபடியே நிண்டு கெதியாக் கிழியும். கனபேர் "சாமான் கூடாது" எண்டு திட்டுறது இதாலதான். காப்புறுதி கேக்கிறதெண்டால் கழட்ட முதல் மதிப்பீட்டாளருக்குக் காட்டுங்கோ. கழட்டின பழசையும் எறியாதேங்கோ.

கோண்டாவில் ஓட்டி:
நன்றி அண்ணை, அக்கா. காய்ச்சிற கதையை விட்டிட்டன். அளவெடுத்துத் தாளைப் போடுறன்.

நல்லூர் 4கே:
பின்சில்லின்ர அளவையும் எடுங்கோ தம்பி. பின்னுக்கு ரெண்டு சில்லையும் தாங்கிறது ஒரே பீம். பின்சில்லும் அதே கட்டில ஏறியிருந்தால் அதுவும் கோணியிருக்கலாம். அப்ப முன்னுக்கு என்ன மாத்தினாலும் ஸ்ரியறிங் நேரா நிக்காது.