மேட் வார்னிஷ் வெளுத்துவிட்டது, டாங்கி மாடலைக் காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. மண்டபத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. 1965 பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நம் ராணுவம் இறக்கிய செஞ்சூரியன் டாங்கியை 1/35 அளவு மாடலாக மூன்று மாதமாகச் செய்துவருகிறேன். அக்ரிலிக் பச்சை அடித்து, கிளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு) கொடுத்து, டெக்கால் (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டி, இடுக்குகளில் பழுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) ஓடவிட்டதுவரை மனசுக்கு நிறைவாக வந்திருந்தது.

நேற்று சாயங்காலம் கடைசி வேலையாக, பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். மழை விட்ட நேரம், கொண்டல் காற்று. பத்தே நிமிடத்தில் டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி) மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படலம். ஹேட்ச் மூடியின் ஓரத்திலும் பீரங்கிக் குழாய்க்கு அடியிலும் திட்டுத்திட்டாக நிற்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. காரணம் அதுதான், நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது.

சரி, இனி என்ன செய்யலாம்? மேலே இன்னொரு கிளாஸ் கோட் அடித்தால் படலம் தெளியும் என்கிறார்கள். அடியில் இருக்கும் டெக்கால் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் யாராவது இருந்தால், மழைக்காலத்தில் எந்த நேரம் பார்த்து அடிக்கிறீர்கள்? ஸ்ப்ரேயை விட்டுவிட்டு பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் வார்னிஷுக்கு மாறினால் தடம் தெரியாமல் வருமா?

அந்தச் சக்கரங்களில் சேறு மாதிரி இறங்கியிருக்கும் வாஷை உரித்தெடுக்க எனக்கு மனசே வரவில்லை.