பஸில் ரேட்டிங் ஏறுது, கேம் ரேட்டிங் ஏறலை: எந்த சாஃப்ட்வேர், எந்த வீடியோ?

பாதிராத்திரி பிளிட்ஸ் கேட்டது:

வணக்கம். வேலைக்குப் போய்க்கிட்டே செஸ் கத்துக்கிற ஆள் நான். லிசெஸ்ங்கிற இலவச செஸ் தளத்துல ரேபிட் ரேட்டிங் 1550 பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு நகர மாட்டேங்குது. குடுத்த நிலையில சரியான மூவைக் கண்டுபிடிக்கிற பஸில்ல ரேட்டிங் என்னவோ 2150. செஸ்ஸபிள் தளத்துல ரெண்டு ஓப்பனிங் (ஆட்டத் தொடக்கம்) கோர்ஸ் ஓடிக்கிட்டிருக்கு, ரிவ்யூ மட்டும் மலையாக் குவிஞ்சு கிடக்கு. யூடியூப்ல பார்க்காத செஸ் சேனல் இல்லை. பார்க்கும்போது எல்லாம் புரியுது. ஆனா கேம்ல ஓப்பனிங் முடிஞ்சதும் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுது. ஒண்ணு நேரம் போயிடும், இல்லை ஏதாவது ஒரு காய் சும்மா போயிடும்.

இப்போ செஸ்பேஸ் வாங்கலாமான்னு யோசனை. இல்லை, வீடியோ கோர்ஸ் ஏதாவது ஒண்ணை முழுசா எடுத்துப் படிக்கணுமா? எது பயன்படும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கறுப்புக் கட்டம்:

செஸ்பேஸ் அருமையான சாஃப்ட்வேர்தான், ஆனா அது எதிராளி யாருன்னு முன்னாடியே தெரிஞ்சு தயாராகிறவங்களுக்கு. லட்சக்கணக்கான கேம்களைத் தேடி, வடிகட்டி, ஃபைல் போட்டு வைக்கிற வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. 1550-ல உங்க எதிராளி யாருன்னே பட்டனை அழுத்தின பிறகுதான் தெரியும். உங்க கேம்களைச் சேர்த்து வைக்க லிசெஸ் ஸ்டடியே போதும். கம்ப்யூட்டர்லயே வேணும்னா ஸ்கிட், லூகாஸ் செஸ் ரெண்டும் இலவசம். லூகாஸ் செஸ்ல பயிற்சி மெனுவைத் திறந்தா தலை சுத்தும், அவ்வளவு இருக்கு. ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துக்கோங்க.

மூணாம் வரிசை யானை:

பெரியவங்களுக்கு மட்டும் செஸ் சொல்லிக் குடுக்கிறவன் நான். உங்க கேள்வி மாதிரியே நிறைய வரும்கிறதால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

உங்ககிட்ட சாஃப்ட்வேர் பஞ்சம் இல்லை சார். இருக்கிற எல்லாமே உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கு, எதுவும் உங்களைக் கேள்வி கேக்கலை. அதைத் திருப்பிப் போட்டா போதும்.

முதல்ல பஸில். 2150 வரைக்கும் எப்படி வந்தீங்கன்னு என்னால ஊகிக்க முடியும். பஸில் வந்ததும் வாசனை பிடிச்சு ஒரு செக்கோ ஒரு வெட்டோ போடறது. பச்சை டிக் விழுந்தா, கம்ப்யூட்டர் ஆடின பதிலைப் பார்த்துட்டு அதுக்கப்புறம் ரெண்டாவது மூவை யோசிக்கிறது. எதிராளியோட பதிலை அது ஓசியில காட்டிடுது. நிஜ கேம்ல அந்தப் பதிலை நீங்கதான் முன்கூட்டியே பார்க்கணும். அதனால ஒரே ஒரு சட்டம் வைங்க: கடைசி மூவ் வரைக்கும் மனசுக்குள்ள பார்த்து முடிக்காம காயைத் தொடக்கூடாது. எதிராளிக்கு ரெண்டு பதில் இருந்தா ரெண்டுக்கும் விடை வேணும். ரேட்டிங் கொஞ்ச நாள் சரியும், சரியட்டும்.

அடுத்து, பஸில்னு வந்தாலே அங்க ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுடுது. 'ஃபோர்க்' (ஒரே காய் ரெண்டைத் தாக்கறது) தீம்னு தேர்ந்தெடுத்துட்டு ஃபோர்க் தேடறதுல என்ன இருக்கு? தீம் வேணும்னா லிசெஸ்ல 'தற்காப்பு மூவ்'னு ஒண்ணு இருக்கு, அதை எடுங்க. அதுல எதிராளி என்ன மிரட்டறார்னு பார்த்தே ஆகணும். உங்களுக்குக் காய் சும்மா போறது இங்கதான். நீங்க அடிக்கிற அடி உங்க கண்ணுக்குத் தெரியுது, உங்க மேல விழப்போற அடி தெரியலை. இன்னொண்ணு, உங்க சொந்த கேம்கள்ல இருந்து எடுத்த பஸில்களையே லிசெஸ் தேடித் தரும். பஸில் டேஷ்போர்டுல எந்தத் தீம்ல தடுமாறறீங்கன்னும் காட்டும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க.

இப்போ என்ஜின், அதாவது ஸ்டாக்ஃபிஷ் மாதிரி மூவை எடை போடற புரோகிராம். கேம் முடிஞ்சதும் உடனே ஸ்டாக்ஃபிஷ்ஷை ஓடவிட்டு, கிராஃப் எங்க விழுந்ததுன்னு பார்த்துட்டு, "ஓ, இங்கயா"ன்னு சொல்லி அடுத்த கேமுக்குப் போயிடறது. இதுக்குப் பேர் அனாலிசிஸ் இல்லை. என்கிட்ட வர்றவங்களுக்கு நான் வைக்கிற வேலை இதுதான். கேமை ஸ்டடியில ஏத்திட்டு என்ஜினை அணைச்சுடுங்க. ரொம்ப நேரம் யோசிச்ச ரெண்டு மூணு இடத்துல நிறுத்தி, அப்போ என்ன நினைச்சீங்கன்னு வார்த்தையில எழுதுங்க. "பிஷப்பை மாத்தினா சிப்பாய் உடையும்னு பயந்தேன்" மாதிரி. மூவ் வரிசை எழுதினா போதாது, பயத்தையும் ஆசையையும் எழுதணும். அப்புறம் என்ஜினைப் போடுங்க. அது சொல்ற மூவைப் பார்த்துட்டு நகராம, உங்க மூவை பலகையில ஆடிக் காட்டி அதை எப்படித் தண்டிக்குதுன்னு பாருங்க. தண்டிக்கவே இல்லைன்னா, என்ஜின் காட்டற மதிப்புல வித்தியாசம் 0.4-தான்னா, அந்த இடத்தை விட்டுடுங்க. உங்க லெவல்ல அது தோல்விக்குக் காரணமே இல்லை.

என்ஜின் காட்டற அந்த நம்பர் பத்தி ஒண்ணு. +1 வந்தா ஒரு சிப்பாய் கூடன்னு இன்னும் பலர் நினைக்கிறாங்க. 2022 கடைசியில வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-ல இருந்தே அதோட அர்த்தம் மாறிடுச்சு. ஸ்டாக்ஃபிஷ் தன்னோடயே ஆடினா அந்த இடத்துல இருந்து ஜெயிக்க பாதிக்குப் பாதி வாய்ப்புன்னா அது +1. அதாவது அந்த நம்பர் ரெண்டு ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு நடுவுல நடக்கிற விஷயம். நீங்களும் நானும் அதுல இல்லை.

ஓப்பனிங் கோர்ஸ். செஸ்ஸபிள் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் ஆக்கற முறை மேல எனக்குக் குறை இல்லை, ஞாபகம் நிக்கும். ஆனா அது கேக்கிற வரிசையை எதிராளி ஆடணுமே. ஒரு உதாரணம். டூ நைட்ஸ்ங்கிற ஓப்பனிங்ல நீங்க கறுப்பு. வெள்ளை குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்7-ஐக் குறி வைக்குது. நீங்க டி5, அவர் இ சிப்பாயால வெட்டறார், உங்க குதிரை ஏ5-க்குப் போய் சி4 பிஷப்பைத் தாக்குது. கோர்ஸ்ல அடுத்தது பிஷப் பி5 செக். அதுக்கப்புறம் பத்துப் பதினஞ்சு மூவ் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடா இருக்கும். எதிர்ல இருக்கறவர் சாதாரணமா டி3 ஆடி பிஷப்புக்குக் காவல் போட்டுடறார். இப்போ?

பதில் எச்6. குதிரை எஃப்3-க்குப் பின்வாங்கும். அப்போ இ சிப்பாயை இ4-க்குத் தள்ளணும். டி சிப்பாய் அதை வெட்டினா சி4 பிஷப்புக்கு இருந்த காவல் போச்சு, ஏ5 குதிரை பிஷப்பை எடுத்துக்கும். இந்தக் காரணம் தெரிஞ்சா மூவை மறந்தாலும் பலகையில கண்டுபிடிச்சுடலாம். (இதுலயும் ஒரு வேடிக்கை உண்டு. 1956 மாஸ்கோ ஒலிம்பியாட்ல சோவியத் கிராண்ட்மாஸ்டர் பிரான்ஸ்டீன், நார்வே ஆட்டக்காரர் ரோயானுக்கு எதிரா வேணும்னே அந்த சிப்பாயை வெட்டி, ரெண்டு சிப்பாய்க்கு பிஷப்பைக் குடுத்து ஜெயிச்சும் காட்டினார். உங்க எதிராளி பிரான்ஸ்டீன் இல்லை, பயப்படாதீங்க.)

அதனால ரிவ்யூ மலையைப் பாதியாக் குறைங்க. லிசெஸ் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்ல மாஸ்டர்ஸ் பக்கத்தை விட்டுட்டு, லிசெஸ் கேம்கள் பக்கத்துக்குப் போய் ரேட்டிங் வடிகட்டில 1400, 1600 மட்டும் டிக் போடுங்க. உங்க எதிராளிங்க உண்மையில என்ன ஆடறாங்கன்னு தெரியும். கோர்ஸ்ல இருபது வரிசை குடுத்திருக்கிற கிளைக்கு ஆளே வர மாட்டாங்க, ஒரு வரியில தாண்டிப் போன கிளைக்குக் கூட்டம் கூட்டமா வருவாங்க.

வீடியோ. பார்க்கும்போது புரியுதுன்னு எழுதியிருக்கீங்க. புரியறது சொல்றவரோட திறமை. அவர் "இங்க வெள்ளைக்கு என்ன செய்யலாம்?"னு கேட்டு மூச்சு விடற இடத்துல நிறுத்தி, ஒரு பேப்பர்ல உங்க மூவையும் காரணத்தையும் எழுதிட்டு ஓடவிடுங்க. அரை மணி வீடியோ ஒரு மணி ஆகும். அப்படிப் பார்க்க முடியாத வீடியோ பொழுதுபோக்கு, தாராளமாப் பாருங்க, பயிற்சிக் கணக்குல எழுதாதீங்க. பெரிய டோர்னமென்ட் கேம்களைப் பத்து நிமிஷத்துல ஓட்டிக் காட்டறது எல்லாம் இந்த ரகம்தான், நானும் விரும்பிப் பார்ப்பேன்.

உங்களுக்குன்னா ஜான் பார்த்தலோமியூவோட 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' முதல் வீடியோ. தலைப்பே காவல் இல்லாத காய்கள் பத்தினது. மறைந்த டேனியல் நரோடிட்ஸ்கியோட ஸ்பீட்ரன் வரிசையும் எடுங்க. கீழ் ரேட்டிங்ல இருந்து மேல ஏறிக்கிட்டே, எந்த லெவல்ல எதிராளி எதைத் தவற விடுவார், அதை ஏன் தவற விடறார்னு பேசிக்கிட்டே ஆடுவார். உங்க ரேட்டிங்குக்குக் கொஞ்சம் மேல இருக்கிற பகுதியில இருந்து தொடங்குங்க. செயின்ட் லூயிஸ் செஸ் கிளப் லெக்சர்கள்ல கிராண்ட்மாஸ்டர் செய்ராவன் பேசறதைக் கேக்கறது தனி சுகம். ஒரே ஆளைப் பிடிச்சுக்கிட்டு முழுசா முடிங்க, அஞ்சு பேர்கிட்ட நுனிப்புல் மேய வேண்டாம்.

கறுப்புக் கட்டம்:

யானை சார் சொன்னதுல பஸில் விஷயம் எனக்கு முழுசா ஒத்து வரலை. சுலபமான பஸிலை வேகமாப் போட்டுத் தள்ளறதுலயும் பலன் இருக்கு. கண்ணுக்கு வடிவம் பழகும். கடைசி வரிசை மேட், குதிரை ஃபோர்க் எல்லாம் யோசிக்காமலே தெரியணும், யோசிச்சா நேரம் போயிடும். கஷ்டமானது மெதுவா, சுலபமானது வேகமா, ரெண்டும் வேணும்னுதான் நான் சொல்வேன்.

அப்புறம் நேர்ல டோர்னமென்ட் ஆடற எண்ணம் இருந்தா, அனாலிசிஸை மரப்பலகையில பண்ணுங்க. திரையில மட்டும் பழகின கண்ணுக்கு, பலகையில தூரத்து மூலையில இருக்கிற பிஷப் சுத்தமா மறைஞ்சுடும்.

பாதிராத்திரி பிளிட்ஸ்:

ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த டி3 எனக்கே நிறைய தடவை வந்திருக்கு, என்ன பண்றதுன்னு தெரியாம ஏதோ ஆடியிருக்கேன்! ரெண்டு சந்தேகம் மட்டும். மனுஷங்களோட ஆட நேரம் அமையாதபோது கம்ப்யூட்டரோட ஆடறது பயிற்சியா? எண்ட்கேமை (காய்கள் குறைஞ்ச கடைசிக் கட்டம்) ஸ்டாக்ஃபிஷ்ஷோட ஆடிப் பழகலாம்னு எங்கயோ படிச்சேன், சரியா?

மூணாம் வரிசை யானை:

வேகப் பஸில் பத்தி கறுப்புக் கட்டம் சொன்னது சரிதான். எளிய வடிவங்களுக்கு அது வேணும், ஒத்துக்கறேன்.

கம்ப்யூட்டரோட முழு கேம் ஆடறதுன்னா மையாங்கிற என்ஜினைத் தேடுங்க. ஸ்டாக்ஃபிஷ்ஷை பலவீனமாக்கினா கிராண்ட்மாஸ்டர் மாதிரி பத்து மூவ் ஆடிட்டு திடீர்னு ராணியைத் தூக்கிக் குடுக்கும், அதுல கத்துக்க ஒண்ணும் இல்லை. மையாவை மனுஷங்க ஆடின லிசெஸ் கேம்களை வெச்சுப் பழக்கியிருக்காங்க, ஜெயிக்கிற மூவைத் தேடாம உங்க ரேட்டிங் ஆள் என்ன ஆடுவார்னு ஊகிக்கிற மாதிரி. 1100, 1500, 1900 லெவல்களுக்குப் பழக்கினது உண்டு. லிசெஸ்ல 'பாட்' (தானா ஆடற கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்) வடிவத்துல இருக்கு, சவால் விடலாம். ஆனா நேரம் வெச்சு ஆடுங்க, மூவைத் திரும்ப எடுக்கிற வசதியைத் தொடாதீங்க.

எண்ட்கேமுக்கு ஸ்டாக்ஃபிஷ் பாதிதான் சரி. ஜெயிக்கிற இடத்தை ஜெயிச்சுக் காட்டறதுக்கு அதைவிட நல்ல எதிராளி கிடையாது, கடைசி வரைக்கும் முரண்டு பிடிக்கும். லூசீனா நிலையை (யானையும் சிப்பாயும் வெச்சு, யானை மட்டும் இருக்கிறவரை ஜெயிக்கிறது) அதோட ஆடுங்க. டிராவைக் காப்பாத்தற பயிற்சிக்கு அது உதவாது. ஃபிலிடோர் நிலையை எடுத்துக்கோங்க, அதுல யானை மட்டும் வெச்சு, யானையும் சிப்பாயும் இருக்கிறவர்கிட்ட நீங்க டிரா பண்ணணும். உங்க ராஜா சிப்பாய்க்கு எதிர்ல, யானை உங்க பக்கத்துல இருந்து மூணாவது வரிசையில காவல் நிக்கும். அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளின உடனே யானை பலகையோட அந்தக் கோடிக்கு ஓடிப் பின்னால இருந்து செக் குடுத்துக்கிட்டே இருக்கணும். சிப்பாய் முன்னாடி போயிட்டதால அவர் ராஜாவுக்கு ஒதுங்க இடம் இருக்காது. இதை ஸ்டாக்ஃபிஷ் பக்கம் விட்டா, எப்படி ஆடினாலும் டிராதான்னு அதுக்குத் தெரியும். அதனால சும்மா அங்கேயும் இங்கேயும் நகர்த்தும், பொறி வைக்காது. மனுஷன் பொறி வைப்பான். லிசெஸ் பயிற்சிப் பகுதியில இந்த ரெண்டு நிலையும் இருக்கு, அதை முடிச்சுட்டு ஒரு நண்பரைப் பிடிச்சு நேரம் வெச்சு பக்கம் மாத்தி மாத்தி ஆடுங்க.

உங்க பேரைப் பார்த்தா பிளிட்ஸ் (சில நிமிஷ வேக ஆட்டம்) நிறைய ஆடறீங்கன்னு தோணுது. கொஞ்ச காலம் 15+10 (ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் பத்து வினாடி கூட) மட்டும் ஆடுங்க. உலக ரேபிட் சாம்பியன்ஷிப்ல வைக்கிற அதே நேரம்தான். ஸ்டடியில ஒரு கேமை என்ஜின் இல்லாம எழுதி முடிச்சதும் லிங்க்கை இங்க போடுங்க, நானும் பார்க்கறேன். தோத்த கேமாப் போடுங்க.