வங்கி ஏற்கும் சாலிசிட்டர்: இங்கிலாந்தில் வீடு வாங்கியபோது உங்களுக்கு நடந்தது என்ன?

மீனா, ரெடிங்

முதல் வீடு வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு 5,500 பவுண்டு போனது. இன்னொரு குடும்பத்துக்குப் போகக் கூடாது.

2024 நவம்பரில் ரெடிங்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு டெரஸ் வீட்டை 4 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்குப் பேசி முடித்தோம். கோயிலில் பழக்கமான குடும்பம் ஒன்று தங்களுக்கு வீடு முடித்துக் கொடுத்த சாலிசிட்டரை, அதாவது வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீலைச் சொன்னது. தனி ஆளாக அலுவலகம் நடத்துகிறவர். போனை அவரே எடுப்பார், எத்தனை தடவை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார். வேறென்ன வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டோம். கவுன்சில், தண்ணீர் வடிகால், சுற்றுச்சூழல் என்று வீட்டைப் பற்றி விசாரித்து வாங்கும் எல்லாத் தேடல் அறிக்கைகளுக்கும் பணம் கட்டியாகிவிட்டது.

கடன் வேலையை புரோக்கர் பார்த்தார். விண்ணப்பத்தில் சாலிசிட்டர் பெயர் கேட்கும் இடத்தில் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று போட்டிருந்தார். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஜனவரி 9 அன்று கடன் தருவதாக வங்கியின் ஆஃபர் லெட்டர் எங்கள் மெயிலுக்கு வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி கிண்டினேன். ஆனால் சாலிசிட்டர் மட்டும் “எனக்கு இன்னும் வரவில்லையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “வங்கி அனுப்பும், கொஞ்சம் பொறுங்கள்” என்றார் புரோக்கர். இப்படியே மூன்று வாரத்துக்கு மேல் ஓடியது. பிப்ரவரி முதல் வாரத்தில் சாலிசிட்டர் தானே வங்கியிடம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். “நான் அவர்கள் பேனலில் இல்லை. தனி ஆள் நடத்தும் அலுவலகங்களை அவர்கள் சேர்ப்பதில்லையாம்.” பேனல் என்றால் வங்கி ஏற்கும் சாலிசிட்டர்களின் பட்டியல்.

மூன்று வழி சொன்னார். வேறு வங்கிக்குப் போய்க் கடனை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அல்லது வங்கி தனக்கென்று தனியாக ஒரு சாலிசிட்டரை வைத்துக்கொள்ளும், அவருடைய கட்டணத்தையும் நாங்களே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சாலிசிட்டரையே விட்டுவிட்டு பேனலில் இருக்கிற ஒருவரைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் செய்தோம்.

புது அலுவலகத்தில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பாஸ்போர்ட், முகவரிச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு. என் அப்பா கரூர் பக்கம் நிலம் விற்று எங்களுக்குப் பணம் அனுப்பியிருந்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டக் கிரயப் பத்திரத்தைக் கொடுத்தோம். அது தமிழில் இருக்கிறது, சான்று பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டு, “வண்டிப்பாதைக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் தெற்கு” என்று வருகிற நான்கெல்லை விவரத்தை வரி வரியாகக் கேட்டுச் சரிபார்த்தார். பத்து நாள் அதற்கே போனது. இத்தனைக்கும் முதல் சாலிசிட்டர் டிசம்பரிலேயே இந்தப் பத்திரத்தைப் பற்றி விசாரித்து முடித்திருந்தார்.

2025 மார்ச் 31 வரை முதல் வீடு வாங்குபவருக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் வரை ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. ஏப்ரல் 1 முதல் அந்த எல்லை 3 லட்சமாக இறங்கியது, அதற்கு மேல் 5 சதவீதம். மார்ச் 28 வெள்ளிக்கிழமை சாவி வாங்குவதாகத்தான் முதலில் திட்டம். வாங்கியது ஏப்ரல் 7 திங்கள்கிழமை. 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு 5 சதவீதம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை.

சிவா, ஹாரோ

மீனா தங்கச்சி, உங்கள் கதையை வாசித்து மனது பாரமாகிவிட்டது. என்னுடையது வேறு மாதிரி. என் சொலிசிட்டர் வங்கியின் பேனலில் இருந்தவர், நல்ல கெட்டிக்காரி. ஆனால் அவர் எனக்கு மட்டும்தான் வேலை செய்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். பிழை அங்கேதான்.

டெபாசிட்டில் 18,000 பவுண்ஸ் சீட்டுக் காசு. எங்கள் சனத்துக்குள் நம்பிக்கையில் நடக்கிற சீட்டு, துண்டுக் காகிதம் கிடையாது. அதற்காவது, சீட்டுப் பிடித்த அக்காவிடம் கடிதம் வாங்கி, ஒவ்வொரு மாதமும் என் கணக்கிலிருந்து அவருக்குப் போன பணத்தைக் காட்டிச் சமாளித்தேன். மாதாமாதம் காசாகக் கொடுத்திருந்தால் காட்ட ஒன்றுமே இருந்திராது.

பெரிய சிக்கல் தம்பி தந்த 15,000. மேசைக்கு முன்னால் இருந்து, “தம்பி தந்தவர், இரண்டு வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்” என்று சாதாரணமாகச் சொன்னேன். சொலிசிட்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். “அப்படியென்றால் இது கடன். இதை நான் வங்கிக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் இந்த வேலையை நான் தொடர முடியாது” என்றார். அன்பளிப்பு என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன் என்று தம்பி கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் தெரியும் அது கடன் என்று. பொய்க்கு அவனைக் கையெழுத்து வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வங்கிக்கு உண்மையைச் சொன்னோம். தம்பிக்குக் கட்டும் தொகையை மாதச் செலவாகக் கணக்கெடுத்துக் கடனைக் குறைத்தார்கள். கென்டனில் பார்த்த வீடு கைவிட்டுப் போனது. எட்டு மாதம் கழித்து ஹேயஸில் வாங்கினோம். அந்த அம்மா செய்தது சரி. எனக்கு முதலே தெரிந்திருந்தால் ஒழுங்கு செய்துகொண்டு போயிருப்பேன், அவ்வளவுதான் என் கவலை.

அருண், லெஸ்டர்

நான் கன்வேயன்சிங், அதாவது வீடு கைமாறும் சட்ட வேலையைப் பார்க்கும் அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஃபைல் பார்க்கிறேன். சிவா அண்ணா சொன்னதுதான் இந்த விஷயத்தின் வேர். இங்கே கடன் வாங்கி வீடு வாங்கும்போது பெரும்பாலும் ஒரே சாலிசிட்டர் உங்களுக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறார். வங்கிகளின் கூட்டமைப்பான யு.கே. ஃபைனான்ஸ் வெளியிடும் கையேடு ஒன்று இருக்கிறது. முதல் பகுதி எல்லா வங்கிகளுக்கும் பொது, இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தன் நிபந்தனைகளைச் சொல்லும். விலையில் தள்ளுபடியா, கேஷ்பேக்கா, டெபாசிட்டில் கடன் கலந்திருக்கிறதா, எல்லாவற்றையும் நாங்கள் வங்கிக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொத்தில் வில்லங்கம் இல்லை என்று சான்று கொடுத்த பிறகுதான் வங்கி பணத்தை விடும். அதனால்தான் யாருடைய சான்றை ஏற்பது என்று அவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் நிலையானதும் இல்லை. 2012 தொடக்கத்தில் எச்.எஸ்.பி.சி. வங்கி தன் பேனலை 43 அலுவலகங்களாகச் சுருக்கியது. எங்கள் தொழிலில் பெரிய கூச்சல் எழுந்து, பிறகுதான் விரித்தார்கள். இப்போது நிறைய வங்கிகள் சாலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி கன்வேயன்சிங் வேலைக்குத் தரும் சி.க்யூ.எஸ். என்ற தரச் சான்றை எதிர்பார்க்கின்றன, சிலர் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள் வேண்டும் என்கிறார்கள். கொஞ்ச காலம் ஒரு வங்கியின் ஃபைல் எதுவும் செய்யாவிட்டால் பேனலிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு. சில இடங்களில் பதிவு கிளை வாரியாக இருக்கும், சாலிசிட்டரின் தலைமை அலுவலகம் பேனலில் இருக்கும், உங்கள் ஃபைல் போகிற அவர்களின் கிளை இருக்காது. ஆகவே “எல்லா வங்கிக்கும் செய்வோம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இந்த வங்கி, உங்கள் அலுவலகத்தின் இந்தக் கிளை, இன்றைய தேதி என்று மெயிலில் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் தங்கள் வலைத்தளத்திலேயே தேடிப் பார்க்கவும் விடுகின்றன.

இன்னொன்று, என் சொந்தக் கருத்து. பேனலில் இருப்பதை நல்ல வேலைக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி தன் பணத்துக்குப் பாதுகாப்புப் பார்க்கிறது. உங்கள் போனை யார் எடுப்பார்கள், ஒருவர் கையில் எத்தனை ஃபைல் என்பதை அது பார்ப்பதில்லை. எஸ்டேட் ஏஜென்ட் கைகாட்டும் அலுவலகம் என்றால் அவருக்கு அதில் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை.

ஜெனி, லூயிஷம்

ஃபிளாட் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான் வாங்கியது ஆறு மாடிக் கட்டடம். 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு 11 மீட்டரோ அதற்கு மேலோ உயரமுள்ள, அல்லது தரைத்தளத்தோடு சேர்த்து ஐந்து தளமோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் பல சாலிசிட்டர்கள் கையே வைப்பதில்லை. பேனலில் இருந்த மூன்று அலுவலகங்கள் முடியாது என்ற பிறகு நான்காவதாக ஒருவர் கிடைத்தார்.

அப்புறம் 2025 ஆகஸ்டில் நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தன் வட்டியை 4 சதவீதமாகக் குறைத்த சமயத்தில், வேறொரு வங்கியில் 0.4 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது, மாறிவிடலாம் என்றார் புரோக்கர். என் கடன் 2 லட்சத்து 70 ஆயிரம். வருடத்துக்கு ஏறக்குறைய 1,080 பவுண்டு மிச்சம். ஆசையாகத்தான் இருந்தது. சரி, என் சாலிசிட்டர் அந்த வங்கியின் பேனலில் இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை. அந்த நாலாவது ஆளையும் விட்டுவிட்டு இந்தக் கட்டடத்துக்கு ஐந்தாவது ஆளைத் தேட எனக்குத் தெம்பில்லை. பழைய வங்கியிலேயே இருந்துவிட்டேன், செப்டம்பரில் குடிபோனேன். மாறியிருந்தால் கிறிஸ்துமஸுக்கும் அம்மா வீட்டு சோபாவில்தான் படுத்திருப்பேன்.

பிரபு, மில்டன் கீன்ஸ்

மீனாக்கா, அந்த முதல் சாலிசிட்டர் பணத்தைத் திருப்பித் தந்தாரா? அவர் மேல் புகார் கொடுத்தீர்களா?

மீனா, ரெடிங்

பிரபு, கொடுக்கவில்லை. தேடல் அறிக்கைகளுக்கு ஆன செலவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவராகவே அனுப்பிவிட்டார். அந்த அறிக்கைகளைப் புது அலுவலகமும் ஏற்றுக்கொண்டது, அந்த மட்டில் நிம்மதி.

உன் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பழைய மெயில்களைத் தேடினேன். நவம்பர் 21 அன்று அவர் அனுப்பிய முதல் படிவத்தில் நான்காவது கேள்வி, ‘எந்த வங்கியில் கடன் வாங்குகிறீர்கள்?’ நாங்கள் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். டிசம்பரில் வங்கி முடிவானது. அதை அவருக்குச் சொன்ன மெயில் ஒன்றுகூட இல்லை.