சொந்தமாகக் கட்டிய விமானம்: இன்னும் மனசை விடாத ஒரு தருணம் சொல்லுங்கள்

வால்சக்கரம் (டெக்சாஸ், ஆர்வி-7)

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடைய ஆர்வி-7, வேன்ஸ் கம்பெனியின் ஆர்வி வரிசையில் ஒரு கிட் (பாகங்களாக வரும், நாமே கட்ட வேண்டும்), பாதி கட்டிய நிலையில் வாங்கியது. வாலும் இரண்டு இறக்கைகளும் முடிந்திருந்தன, உடல் பகுதி பிரிக்காத பெட்டியில். விற்றவரை நான் பார்த்ததில்லை, எல்லாம் இடைத்தரகர் மூலம். கட்டுமான நோட்டும் போட்டோக்களும் மட்டும் சேர்ந்து வந்தன. (பாதிக்கு மேல் ஆர்வலர்களே கட்டியது என்று காட்ட வேண்டுமே, அது இல்லாமல் அந்த 51 சதவீதத்தை எப்படிக் காட்டுவது!) இறக்கைக்குள் ஒவ்வொரு விலாத் தகட்டிலும் பென்சிலால் தேதி, அன்றைய குளிர், சில இடத்தில் என்ன சாப்பிட்டார் என்பது வரை எழுதியிருந்தார். மனுஷன் சுத்தக்காரர். ஒரு ரிவெட்கூட (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) மாற்ற வேண்டி வரவில்லை.

அப்புறம் பறக்க ஆரம்பித்தாயிற்று. ஓக்லஹோமாவில் ஒரு சின்ன ஏர்போர்ட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன், வயதானவர் ஒருவர் வந்தார். பேச்சு கீச்சு இல்லை. நேராக இடது இறக்கை முனைக்குப் போய்க் குனிந்து, ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் அசையும் தகடு) பக்கத்து ரிவெட் வரிசையை விரலால் தடவினார். "இந்த வரிசை போட்ட அன்னிக்குத்தான் கம்ப்ரஸர் புகைஞ்சுது" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாங்க, ஒரு சுற்று போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கேனபியை (மேல் கண்ணாடி மூடி) திறந்து காட்டினேன், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடல் பகுதி முழுக்க நான் கட்டியது, அதன் பக்கமே கண் போகவில்லை. இறக்கையின் ஃப்ளாப்பை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்தார், பிக்கப்பில் ஏறிப் போய்விட்டார். எதற்காக விற்றார்? பைலட்டுக்கான மெடிக்கல் சான்றிதழ் போய்விட்டதா, பணமா, வீட்டில் ஏதாவதா? விமானத்தை வேறொருவன் முடித்ததில் சந்தோஷமா கோபமா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் குடைகிறது.

ஹேங்கர்வாசி (ஓஹாயோ, ஆர்வி-9ஏ)

எனக்கு முதல் பறப்பு. புது லைக்காமிங் ஓ-320 எஞ்சின், புது எஞ்சினைப் பழக்கும் மினரல் ஆயில். பவரைக் குறைக்காதே, பிஸ்டன் ரிங் படியாது, சிலிண்டர் சுவர் வழுவழுத்துப் போய் ஆயுசு முழுக்க ஆயில் குடிக்கும் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறிக் கிடந்தது.

700 அடி. மூன்றாம் சிலிண்டரின் சூடு 410. 425. 440 ஃபேரன்ஹீட். லைக்காமிங்கின் உச்ச வரம்பு 500தான், ஆனால் 435க்கு மேல் யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். கீழே வீடுகள். த்ராட்டிலில் என் கை. இழுத்தால் ரிங், இழுக்காவிட்டால் சிலிண்டர். பக்கத்தில் சேஸ் விமானத்தில் வந்த நண்பர் ரேடியோவில் "என்ன காட்டுது?" என்கிறார், எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு நம்பர் தெரியாது, ஆனால் என் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். "மூக்கை இறக்கு, பவரைத் தொடாதே" என்றார். இறக்கினேன், வேகம் கூடி 120 நாட், குளிர்விக்கும் காற்றும் கூடியது. நம்பர் 446-ல் நின்று, யோசித்து, மெதுவாக இறங்கியது.

காரணம் ஆர்வி கட்டும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்றாம் சிலிண்டரின் பின்பக்கம் குளிர்விக்கும் துடுப்புகள் ரொம்பக் குட்டை, அதோடு காற்றைத் திருப்பிவிடும் பேஃபிள் தகடு ஒட்டி நின்றால் காற்று போக வழியே இல்லை. ஒரு வாஷர் வைத்துத் தகட்டைத் தள்ளி, சந்துகளில் சிவப்பு சிலிக்கோன் அடைத்ததும் அடங்கிவிட்டது. அடங்காதது ஒன்றுதான்: அந்தக் குரல் வராமல் இருந்திருந்தால் கை எந்தப் பக்கம் போயிருக்கும்?

பழைய_பைலட் (கலிபோர்னியா)

ஹேங்கர்வாசி தம்பி, அந்தக் குரல் பக்கத்து விமானத்தில் ஏன் இருந்தது, பக்கத்து சீட்டில் ஏன் இல்லை? 2014-லேயே எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) கூடுதல் பைலட் திட்டம் கொண்டுவந்தாயிற்று. தகுதி உள்ளவரைச் சோதனைப் பறப்பிலேயே கூட வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் தனியாகப் போனது சட்ட விதியால், வீரத்தால் அல்ல.

என் கதை சின்னது. ஒருவர் சொந்தமாகக் கட்டிய லாங்-ஈஸி விமானத்தை வாங்கப் போனேன். பளபளவென்று பெயின்ட். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் டேங்க் மாற்றும் வால்வைத் தேடினேன். கை போகவில்லை. இடம் மாற்றி வைத்திருந்தார்கள். "அதெல்லாம் பழகிடும்" என்று விற்றவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் மான்டரே விரிகுடாவில் விழுந்தது லாங்-ஈஸியில்தான். அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில் அந்த வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். டென்வர் அதைக் கட்டியவர் இல்லை, வாங்கியவர். திரும்பி எட்டும்போது வலது ரடர் பெடல் (வால் சுக்கானை அசைப்பது) அழுந்தியிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு.

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன். கட்டியதோ வாங்கியதோ, கண் மூடிக்கொண்டு எல்லாக் கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். அதே மாடலில் ஒரு பயிற்சியாளரோடு பறந்துவிட்டு வாருங்கள். கம்பெனியில் செய்த செஸ்னாவில் ஆயிரம் மணி நேரம் ஓட்டிய கை ஆர்வியில் முதல் நாள் குழந்தைக் கைதான். எரிபொருள் ஓட்டத்தை அளக்கும்போது விமானத்தின் வாலை இறக்கி, ஏறும் கோணத்திலேயே வைத்து அளக்கவும். தட்டையாக நிறுத்தி அளந்தால் அது தரைக்குத்தான் பொருந்தும். பம்ப் உள்ள சிஸ்டம் என்றால் எஞ்சின் கேட்பதைவிட கால் பங்கு கூடுதலாக வர வேண்டும், ஈர்ப்பில் மட்டும் இறங்குவது என்றால் பாதி பங்கு கூடுதல். 2012-ல் என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை வாரியம்) ஆய்வு வந்ததே, படித்தீர்களா? 2011-ல் விபத்தான சொந்தக்கட்டு விமானங்களில் பாதிக்கு மேல் இன்னொருவரிடம் வாங்கியவை. வால்சக்கரம், உங்களுக்கும்தான் சொல்கிறேன். அந்தப் பெரியவர் உள்ளே உட்காராததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, நானும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ரிவெட்ராணி (மிச்சிகன், ஆர்வி-10)

முதலில் பென்சில்! அலுமினியத்தில் பென்சிலால் எழுதவே கூடாது. கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும். மார்க்கர் பேனாதான். அந்தப் பெரியவர் சுத்தக்காரர் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டில் அத்தை (மாமியார்) மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வெளியே பனி, டிவியில் சீரியல் இல்லை, பேஸ்மென்டில் நாங்கள் வால் கூம்பு ரிவெட் அடிக்கிறோம். உள்ளே புகுந்து பக்கிங் பாரை (ரிவெட்டின் மறுபக்கம் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) பிடிக்க என் உயரத்துக்கே சிரமம். "நான் போறேன், தள்ளு" என்று அத்தை புகுந்துவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதில் மஃப், கையில் இரும்புக் கட்டி. இரண்டு வாரத்தில் சத்தத்தை வைத்தே சொல்வார்: "இது சரியில்ல, எடுத்துட்டு வேற போடு." அளவுகோல் வைத்துப் பார்த்தால் தலை சாய்ந்துதான் இருக்கும்.

சான்றிதழ் கொடுக்க வந்த ஆய்வாளர் டார்ச்சும் கண்ணாடியும் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "இது என்ன பார்ட் நம்பர்? வரைபடத்தில் இல்லையே?" ஒவ்வொரு குறுக்குத் தகட்டிலும் அத்தை மார்க்கரால் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்! என் கணவர் விளக்கி முடித்ததும் அவர், "அப்போ இதுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டாமே?" என்றார். சிரித்து முடித்தோம்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது. "சரி, யார் பில்டர்?" ரிப்பேர்மேன் சான்றிதழ் (கட்டியவரே அந்த விமானத்தின் வருடாந்திர ஆய்வைச் செய்யும் உரிமை) ஒருவருக்குத்தான் தருவார்கள், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டுக்கொண்டே என் கணவரிடம் பேனாவை நீட்டிவிட்டார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கணவரும் வாங்கிக்கொண்டார். மூக்கில் அலுமினியத் தூளோடு நானும் அத்தையும் நிற்கிறோம்.

வால்சக்கரம்

பென்சில் எழுத்தெல்லாம் பிரைமர் (அடிப்பூச்சு) மேலே, வெறும் உலோகத்தில் இல்லை. வருடா வருடம் கேமரா விட்டுப் பார்க்கிறேன், ஒரு புள்ளி இல்லை. பிரைமர் சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், தயவுசெய்து.

பழைய_பைலட் ஐயா, பாதி கிட்டை வாங்கி மிச்சத்தைக் கட்டுவது வேறு, பறக்கிற விமானத்தை வாங்குவது வேறு. அந்த ஆய்வு பேசுவது இரண்டாவதை. உட்கார மாட்டேன் என்கிறீர்கள், பார்க்காமலேயே!

ஹேங்கர்வாசி

கூடுதல் பைலட் பற்றி: என் நண்பர் ஆறடி, தொண்ணூறு கிலோ. அவரை ஏற்றியிருந்தால் ஏறும் வேகம் குறைந்து, சூட்டில் இன்னும் அதிக நேரம் இருந்திருப்பேன். வெளியிலிருந்து பார்த்ததால்தான் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது, ஐயா.

கோவைக்காற்று

நான் இந்தியாவில் இருக்கிறேன், கிட் எல்லாம் கனவு. மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டி, 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தும், பதிவெண் வாங்க 2017 ஆகிவிட்டதே, அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனபோது கிட் விமானம் விற்கும் ஜெனித் கம்பெனியின் ரடர் (வால் சுக்கான்) கட்டும் பயிற்சிக்குப் போனேன். மிசௌரியில் மெக்சிகோ என்றே ஒரு ஊர். (மேனேஜரிடம் லீவ் கேட்டபோது மெக்சிகோவுக்கு எதற்கு என்றார், நாடு என்று நினைத்து.) இரண்டு நாளில் ஒரு முழு ரடரை நம் கையாலேயே கட்டலாம், எல்லாம் பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்துவது). முடித்துத் தூக்கிப் பிடித்தால் ஒன்றுமே கனமில்லை. சொல்லிக்கொடுத்தவர் முதுகில் தட்டி, "மிச்சத்துக்கு எப்போ வர்றே?" என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் நான் "அடுத்த வருஷம்" என்றதும் நோட்டில் குறித்துக்கொண்டார். ரடர் சிகாகோவில் அண்ணன் வீட்டு கராஜில் கிடக்கிறது.

பழைய_பைலட்

தம்பி, கராஜில் எலி வருமா? எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். அண்ணனிடம் சொல்லித் துணியில் சுற்றி மேலே தொங்கவிடச் சொல்லுங்கள், தரையில் சாய்த்து வைத்தால் பின்விளிம்பு வளையும். சிகாகோவைச் சுற்றி ஈஏஏ (சொந்தக்கட்டு விமான ஆர்வலர் சங்கம்) கிளைகள் நிறைய, யாராவது ஹேங்கரில் இடம் தருவார்கள். ரிவெட்ராணி அம்மா, மிச்சிகன் பக்கம்தானே, உங்கள் பேஸ்மென்டில் வைக்கலாமே?

ரிவெட்ராணி

இடம் இல்லை சார். ஆர்வி-8-ன் வால் கிட் வந்து இறங்கிவிட்டது. கட்டுமான நோட்டு இந்த முறை என் பெயரில்.

பழைய_பைலட்

ஆர்வி-8ஆ! அது வால் சக்கரமாயிற்றே. டெயில்வீல் எண்டார்ஸ்மென்ட் (வால் சக்கர விமானம் ஓட்டப் பயிற்சியாளர் தரும் ஒப்புதல்) இருக்கிறதா? இல்லாவிட்டால் ரிவெட் அடிக்க ஆரம்பிக்கும் முன் அதை முடித்துவிடுங்கள், கட்டி முடித்த பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது. அப்புறம் பிரேக்கை மட்டும்...