அஃபெக்ட், எஃபெக்ட்: யாராச்சும் தெளிவா சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே, இங்கிலீஷ் கிராமர் நல்லா தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. ஏ-ல ஆரம்பிக்கிற அஃபெக்ட் பெரும்பாலும் வினை, பாதிக்கிறது, ஈ-ல ஆரம்பிக்கிற எஃபெக்ட் பெயர்ச்சொல், அதனால வர்ற விளைவு. தூக்கம் கெட்டா வேலைய அஃபெக்ட் பண்ணும், அந்த தூக்கக்கேட்டோட எஃபெக்ட் வேலைல தெரியும், இதுவரைக்கும் ஓகே (பேசுறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது, எழுதுறப்பதான் வம்பே).

குழப்பம் எங்கன்னா எஃபெக்ட் வினையாவும் வருது. "எஃபெக்ட் எ சேஞ்ச்"னா ஒரு மாற்றத்த கொண்டு வர்றது, அதையே ஏ போட்டு எழுதினா ஏற்கனவே நடக்குற மாற்றத்த பாதிக்கிறதுன்னு ஆயிடுது, ஒரே ஒரு எழுத்துல அர்த்தம் வேற எங்கயோ போயிடுது பாருங்க. இது பத்தாதுன்னு சைக்காலஜில அஃபெக்ட் பெயர்ச்சொல், முகத்துலயும் குரல்லயும் வெளிய தெரியிற உணர்ச்சிக்கு அந்த பேரு, அதுக்கு அழுத்தம் முதல் அசைல விழும்.

இப்ப ஆபீஸ் ரிப்போர்ட்ல எஃபெக்ட்ட வினையா போடலாமா, இல்ல படிக்கிறவங்க ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு நெனைப்பாங்களா? பேசாம வேற வார்த்தை போட்டுடறது பெட்டரா? அப்புறம் "டேக் எஃபெக்ட்", "இன் எஃபெக்ட்" ரெண்டுலயும் ஈ தானே, கன்ஃபர்ம் பண்ணுங்க ப்ளீஸ்.