இஎஸ்பி32 திரையில் "மோட்டார்" உடைந்து தெரிகிறது, வைஃபை போனால் திரை உறைகிறது

கிணற்றுமேடு

வணக்கம். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு (7.5 எச்பி, த்ரீ ஃபேஸ்) ஒரு கன்ட்ரோலர் செய்கிறேன். இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கன்ட்ரோலர் சிப்), 2.8 அங்குல ஐஎல்ஐ9341 டச் திரை, எல்விஜிஎல் 8 (திரையில் எழுத்தும் பொத்தானும் வரையும் லைப்ரரி), நிரல் அர்டுயினோவில். போனிலிருந்து எம்க்யூடிடி (கருவிகள் நெட்வொர்க்கில் செய்தி பரிமாறும் முறை) வழியாகவும் போடலாம், நிறுத்தலாம். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, அதனால் திரை தமிழில்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் இரண்டு. "மோட்டார்" என்று எழுதினால் ம முதலில் வந்து, கொம்பும் காலும் அதன் பின்னால் போய் நிற்கின்றன. "தொட்டி"யும் அப்படியே. ஃபான்ட்டை மூன்று தடவை மாற்றிவிட்டேன். இரண்டாவது, வைஃபை போனால் திரை பத்துப் பதினைந்து விநாடி அசையாது, நிறுத்து பொத்தானும் வேலை செய்யாது.

(போன வாரம் ராத்திரி கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.)

சிப்புப்பித்தன்

அந்தத் திரை எஸ்பிஐ, ஒவ்வொரு பிட்டாக அனுப்பும், மெதுவாகத்தான் இருக்கும். பல பிட்டை ஒன்றாக அனுப்பும் பேரலல் திரைக்கு மாறுங்கள், உறைவது நின்றுவிடும்.

பழைய சாலிடர்

திரை மேல் பழி போடாதீர்கள். 320 × 240, பிக்சலுக்கு 2 பைட், மொத்தம் 1,53,600 பைட். 40 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் முழுத் திரையும் 31 மில்லி விநாடியில் போய்விடும். பதினைந்து விநாடி எங்கே, இது எங்கே?

தம்பி, எம்க்யூடிடிக்கு நீங்கள் பப்சப்கிளையன்ட் லைப்ரரிதானே பயன்படுத்துகிறீர்கள்? அதன் கனெக்ட் அழைப்பு பதில் வரும்வரை லூப்பை (நிரலின் முக்கியச் சுழற்சியை) பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் இயல்பாக வைத்திருக்கும் காத்திருப்பே 15 விநாடி. அதுவரை எல்விஜிஎல்லுக்கு முறை வராது. நெட்வொர்க்கைத் தனி டாஸ்க்காக (தனியாக ஓடும் நிரல் பகுதியாக) சிப்பின் மற்ற கோரில் ஓட விடுங்கள். ஆனால் அந்த டாஸ்க்கிலிருந்து லேபிளைத் தொடாதீர்கள். எல்விஜிஎல்லை இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் தொட்டால் எப்போது கிராஷ் ஆகும் என்றே சொல்ல முடியாது. க்யூவில் (செய்தி வரிசையில்) செய்தியைப் போடுங்கள், திரை டாஸ்க் எடுத்துக்கொள்ளட்டும்.

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. போன் ஆப்பில் "ரீட்டெயின்" டிக் இருக்கிறதா? இருந்தால் கடைசியாக அனுப்பிய "ஆன்" ப்ரோக்கரிலேயே (செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வரிலேயே) தங்கிவிடும். கரண்டு வந்து போர்டு மறுபடி இணைந்ததும் அந்த ஆன் திரும்ப வரும். கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருந்தால் என்ன ஆகும்? கட்டளைக்கு ரீட்டெயின் கூடவே கூடாது. மோட்டார் நிலையைச் சொல்லும் டாபிக்குக்கு (செய்தித் தலைப்புக்கு) மட்டும் வையுங்கள். அப்புறம், நிறுத்து என்பது திரையில் மட்டும் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தான் போர்டை நம்பாமல் ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கும் மின்சுருளின் (காயிலின்) லைனை நேராக வெட்ட வேண்டும்.

எழுத்தாணி

தமிழுக்கு வருகிறேன். ஃபான்ட் மேல் குற்றமில்லை. எல்விஜிஎல் 8 அரபிக்கு எழுத்து வடிவத்தை மாற்றிக்கொள்ளும், தமிழுக்கு அது தெரியாது. யூனிகோடில் ம-வை அடுத்து ஓகாரக் குறி ஒரே குறியாக வருகிறது. அதை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது.

கொம்பை எடுத்து முன்னால் போடுவது சின்ன நிரல்தான். பழைய திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது, அதே உத்தி. ஆனால் "டு", "கு", "று" என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். 18 மெய்க்கும் உகர ஊகாரம் என்றால் 36 வடிவம், அதோடு டி, டீ. ஃபான்ட்டுக்குள் அவற்றுக்குத் தனிக் குறியெண் இருக்காது, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் திருத்தும் மென்பொருளில் நீங்களே கொடுக்க வேண்டும்.

உங்கள் திரையில் மொத்தம் எத்தனை வாசகம்? இருபதுக்குள் என்றால் இந்தப் பாடே வேண்டாம். கணினியில் தட்டச்சு செய்து படமாக மாற்றி ஏற்றுங்கள். 200 × 32, பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு வாசகம் 6,400 பைட். இருபதும் சேர்ந்து 1,28,000. 4 எம்பி ஃப்ளாஷில் தாராளம். எண்களுக்கு மட்டும் சாதாரண ஃபான்ட்.

கிணற்றுமேடு

ரீட்டெயின் டிக் இருந்தது! எடுத்துவிட்டேன், பழையதையும் ப்ரோக்கரில் அழித்தாயிற்று. வாசகம் பதினேழுதான், படமாகவே போட்டுவிட்டேன், "தொட்டி" அச்சில் வார்த்த மாதிரி வருகிறது. நெட்வொர்க் தனி டாஸ்க்கில். ரவுட்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், திரை ஓடுகிறது.

இப்போது ஒன்று உறுத்துகிறது. பொத்தானை அழுத்தியதும் "மோட்டார் ஓடுகிறது" என்று பச்சையில் காட்டுகிறேன். நேற்று ஓவர்லோடு ரிலே (அதிகக் கரண்டு போனால் மோட்டாரை நிறுத்துவது) விழுந்து கிடந்தது, திரை பச்சையாகவே இருந்தது.

பழைய சாலிடர்

நீங்கள் காட்டுவது ரிலேவுக்கு அனுப்பிய கட்டளையை. மோட்டாரைக் கேட்டுச் சொல்லுங்கள். அழுத்தியதும் மஞ்சளில் "தொடங்குகிறது". மோட்டார் வயரில் சி.டி. (கரண்டை அளக்கும் வளையம்) மாட்டி, ஆம்ப் வந்த பிறகே பச்சை. ஐந்து விநாடியில் வராவிட்டால் சிவப்பு, ரிலேவையும் விடுவித்துவிடுங்கள். காண்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குள் மோட்டார் லைனை இணைக்கும் பெரிய ஸ்விட்ச்) நிலையைச் சொல்லும் ஆக்ஸிலரி காண்டாக்ட் மட்டும் போதாது, ஒரு ஃபேஸ் இல்லாமலும் காண்டாக்டர் இழுத்துக்கொண்டு நிற்கும். கிணறு வற்றினாலும் ஆம்ப் இறங்கும், அதையும் இதிலேயே பிடிக்கலாம்.

கிணற்றுமேடு

சரி அண்ணா. சி.டி. ஒரு ஃபேஸில் போட்டால் போதுமா?

பழைய சாலிடர்

மூன்றிலும் போடுவதுதான் சரி. கையைக் கடித்தால் குறைந்தது இரண்டில்.